எடைக் குறைப்புத் திட்டத்துக்குப் பணம் கட்டும் முன்: செலவைக் குறைக்கும் முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு எடைக் குறைப்பு மையத்தில் மூன்று மாதத்துக்கு 22,000 ரூபாய் கட்டினேன். ஐந்து கிலோ இறங்கியது. அடுத்த தீபாவளிக்குள் ஆறு கிலோ ஏறிவிட்டது. அதன் பிறகு ஒரு பைசா கட்டாமல் தொடங்கி, தேவைப்பட்டதற்கு மட்டும் கட்டி, பதினான்கு மாதத்தில் 11 கிலோ குறைத்தேன். எடை மெஷின், இஞ்ச் டேப், உணவு ஆலோசகரிடம் இரண்டு முறை, மூன்று மாத ஜிம், எல்லாம் சேர்த்து 5,520 ரூபாய். அப்புறம் கம்பெனியிலும் சொந்தத்திலும் ஒன்பது பேருக்குக் கூடவே இருந்து இதே வரிசையில் செய்து பார்த்தாயிற்று.

எல்லோரும் தடுக்கி விழுவது வரிசையில்தான். பணத்தை முதலில் கட்டிவிடுகிறார்கள். தனக்கு எது குறைகிறது என்பதை அப்புறம் கண்டுபிடிக்கிறார்கள். இங்கே பணம் ஏழாவது படியில்தான் வருகிறது. முந்தைய ஆறு படிகளைத் தாண்டிக் குதித்தால் மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு எடை மெஷின் (எனக்கு 900 ரூபாய் ஆனது, பக்கத்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும்), தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், ஒரு நோட்டு, அரை லிட்டர் பிடிக்கும் பாட்டில்.

இவற்றோடு ஆறு வாரமும் வேண்டும். கல்யாணம், நோம்பி (ஊர்த் திருவிழா), ஷிப்மென்ட் நெருக்கடி மூன்றும் குறைவாக உள்ள ஆறு வாரத்தைக் காலண்டரில் குறியுங்கள். எனக்கு ஆடியும் மார்கழியும் ஒத்துவந்தன. முகூர்த்தம் இல்லை, அதனால் பந்திச் சாப்பாடும் இல்லை. வைகாசியில் தொடங்கிய இரண்டு பேர் வாரம் இரண்டு கல்யாண விருந்தில் மாட்டி, "என்னால ஆகாதுங்க்கா" என்று இரண்டாவது வாரமே விட்டுவிட்டார்கள்.

1. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், இவர்கள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சுகர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் பாதியாக்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. காலைப் பலகாரத்துக்குப் பதில் ஒரு டம்ளர் எடைக் குறைப்புப் பவுடர் ஷேக் குடித்துவிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு, பதினோரு மணிக்கு வாசல் திண்ணையிலேயே வேர்த்துச் சரிந்துவிட்டார். அன்றைய ஆஸ்பத்திரிச் செலவு ஷேக் டப்பாவின் விலையைப் போல இரண்டு மடங்கு.

இந்தப் படிக்குப் பெரிய செலவு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள கம்பெனித் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கும். அந்தக் கார்டைப் பயன்படுத்துங்கள். மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

தைராய்டு குறைவு, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், இவையும் எடையை ஏற்றும். இதைப் பார்க்காமல் பேக்கேஜ் கட்டினால், காரணம் ஓரிடத்தில் இருக்க, பணம் வேறிடத்தில் போகும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, மையத்திலேயே உட்கார்ந்திருக்கும் 'டாக்டர்' சொல்வதை மட்டும் கேட்பது. பேக்கேஜ் விற்கும் இடத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

2. மூன்று எண்களை நீங்களே எழுதுங்கள்

எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் கழிவறை போய்வந்து எதுவும் குடிக்கும் முன் பாருங்கள். எங்கள் கூட்டத்துக்குச் சனிக்கிழமை. சம்பள நாள் என்பதால் யாருக்கும் மறக்காது. ஒரே நாளில் காலைக்கும் இரவுக்கும் ஒன்று, ஒன்றரை கிலோ வித்தியாசம் சாதாரணமாகவே வரும். சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுப் பார்த்த எடையை 'ஆரம்ப எடை' என்று எழுதி, அடுத்த முறை காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் ஒன்றும் செய்யாமலே ஒரு கிலோ குறைந்திருக்கும். நான் பணம் கட்டிய மையத்தில் இதுதான் நடந்தது. கையில் என் சொந்த எண் இல்லாததால் அது எனக்குத் தெரியவில்லை.

இடுப்பை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டபின் அளந்து பாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

அடுத்து பி.எம்.ஐ., அதாவது உடல் நிறை குறியீடு. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 74 கிலோ, 158 செ.மீ. என்றால் 74-ஐ 2.5-ஆல் (1.58 × 1.58) வகுக்க 29.6 வரும். இந்தியர்களுக்கு 23-லிருந்து கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று கணக்கு.

இலக்கை இப்போதே எழுதுங்கள்: முதலில் 5 சதவீதம். 74 கிலோவுக்கு அது 3.7 கிலோ. வாரத்துக்கு அரை கிலோ என்பது பாதுகாப்பான வேகம். அப்படியானால் ஏழெட்டு வாரம். இந்தக் கணக்கு கையில் இருந்தால், '30 நாளில் 10 கிலோ' பேனரைப் பார்த்ததும் கை பர்சுக்குப் போகாது.

3. பேக்கேஜைப் பிரித்து விலை போடுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்குங்கள். பணம் மிச்சமாவது பெரும்பாலும் இங்கேதான்.

ஈரோட்டில் இருக்கும் என் சித்தி மகள் 90 நாளுக்கு 24,000 ரூபாய் பேக்கேஜ் முடித்திருந்தாள். மறுபடி சேரச் சொல்லி போன் வந்துகொண்டே இருந்தது. அவள் வீட்டுச் சமையலறை மேடையில் பில்லை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பவுடர் மூன்று டப்பா, டப்பா 2,400 வீதம் 7,200. அதிர்வு மெஷினும் நீராவிக் குளியலுமாக 24 சிட்டிங், ஒன்றுக்கு 450 வீதம் 10,800. ஆக 18,000. மீதி 6,000-ல் உணவு அட்டவணை, வாரம் ஒருமுறை எடை, தினமும் வாட்ஸப்பில் விசாரிப்பு.

"இதுல உனக்கு எது உதவுச்சு கண்ணு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் புள்ள தினம் ராத்திரி எட்டு மணிக்கு, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்கன்னு மெசேஜ் போடுமுங்க்கா. அதுக்குப் பதில் சொல்லோணுமேன்னே சாயங்காலம் பப்ஸ் வாங்கமாட்டேன்."

இருபத்து நான்காயிரத்தில் வேலை செய்தது அந்த ஒரு மெசேஜ். பவுடர் டப்பா ஒன்று இன்னும் பிரிக்காமல் பரணில் இருந்தது.

எந்தத் திட்டத்தையும் இப்படி ஐந்து பாகமாகப் பிரிக்கலாம்: அளவு பார்ப்பது, சாப்பாட்டுத் திட்டம், உடற்பயிற்சிக்கு இடம், விற்கும் பொருள், நம்மைக் கேட்க ஒரு ஆள். இந்த ஐந்துக்கும் தனித்தனியாக விலை எழுதச் சொல்லி மையத்திலேயே கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், பொருளும் மெஷினும்தான் விலையில் பெரும்பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் அளவும் இடமும் கிட்டத்தட்ட இலவசம், சாப்பாட்டுத் திட்டத்துக்குச் சில நூறு, பொருள் தேவையில்லை. பணம் கொடுக்கத் தகுந்தது அந்தக் கேட்கிற ஆளுக்கு மட்டும்தான். அதற்கும் மலிவான வழி உண்டு. ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

4. ஏழு நாள் நோட்டு: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்த ஏழு நாளும் வழக்கம் போலவே சாப்பிடுங்கள். வாயில் போட்டதை எல்லாம் அப்போதே எழுதுங்கள்: நேரம், அளவு, விலை. இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். குழந்தை மிச்சம் வைத்த இரண்டு வாய் தோசையும் எழுத வேண்டும்.

விலையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், எடை ஏறும் இடமும் காசு ஒழுகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. என் நோட்டில் நாலு மணி பேக்கரிதான் முதலிடம். டீயும் பப்ஸும் அன்றைக்கு 40 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 1,040. ஓவர்டைம் இரவுகளில் புரோட்டா வேறு. ஒரு நாளைக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஆறு கரண்டி. அதில் மட்டும் 120 கலோரி.

வீட்டு எண்ணெயையும் இதே வாரத்தில் அளந்துவிடுங்கள். மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று வகுத்தால் போதும். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஐந்து லிட்டர் போய்க்கொண்டிருந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கும் மேல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 15 மில்லி, அதில் சுமார் 120 கலோரி. அப்படியானால் ஆளுக்குத் தினமும் கிட்டத்தட்ட மூன்று மேசைக்கரண்டி.

இந்த நோட்டைத் தொலைக்காதீர்கள். பின்னால் உணவு ஆலோசகரிடம் போனால், இதைக் கையில் கொண்டு போகிறவர்களுக்கு ஒரே சந்திப்பில் வேலை முடிகிறது. இல்லாதவர்களை ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்புவார்கள். அந்தச் சந்திப்புக்கும் கட்டணம் உண்டு.

5. ஆறு வாரம் காசில்லாமல் செய்யுங்கள்

*அடுப்படி.* எண்ணெயில் தொடங்குங்கள், ஏனென்றால் அதில் ஒரே மாற்றத்தில் வீட்டில் எல்லோருக்கும் கலோரி குறையும். திங்கட்கிழமை காலையில் அந்த அரை லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்து, நான்கு பேருக்கு அந்த வாரம் முழுக்க அதிலிருந்து மட்டும் ஊற்றுங்கள். முதல் வாரம் எங்களுக்கு வியாழக்கிழமையே தீர்ந்தது. மூன்றாவது வாரத்தில் ஞாயிறு இரவு அடியில் கொஞ்சம் நின்றது.

தட்டில் பாதி காய். சோறு ஒரே கப்பால் அளந்து. காய்க்கு உழவர் சந்தைக்குப் போங்கள்: திருப்பூரில் தென்னம்பாளையம், ஈரோட்டில் சம்பத் நகர், கோவையில் ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். அதையே பார்த்து வாரத் திட்டம் போட்டால் 'டயட் சாப்பாட்டுக்குச் செலவாகுது' என்ற பேச்சே வராது. புரோக்கோலியும் அவகேடோவும் எழுதிய அட்டவணை யாராவது கொடுத்தால், அதே இடத்தில் சுரைக்காய், பீர்க்கங்காய், அவரைக்காய், முருங்கைக்கீரை போட்டுக்கொள்ளுங்கள்.

புரதத்துக்கு டப்பா வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம்; நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது நமக்கு முட்டைக்குப் பஞ்சமில்லை. 50 கிராம் கொள்ளு அல்லது பச்சைப்பயறில் 11 கிராம் அளவுக்கு இருக்கிறது. இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடிப் பயறும் சேர்ந்தால், நல்ல பவுடர் ஒரு ஸ்கூப்பில் கிடைக்கும் 20 முதல் 25 கிராமுக்கு ஈடு. எங்கள் ஊரில் இது 25 ரூபாய்க்குள் அடங்குகிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதையும் விடாமல் வாங்குங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரத பவுடர்களைத் தவிர்க்கவே சொல்கிறது.

இந்தப் படியில் நம் ஊர்க்காரர்கள் செய்யும் நான்கு தவறுகளை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

செக்கு எண்ணெய் என்றால் தாராளமாக ஊற்றலாம் என்று நினைப்பது. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ, செக்கில் ஆட்டினாலும் கலோரி அதேதான்.

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு டீக்கு மூன்று கரண்டி நாட்டுச் சர்க்கரை போடுவது. கவுந்தப்பாடிச் சர்க்கரையின் மணமும் ருசியும் எனக்கும் உயிர்தான். ஆனால் எடைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

சோற்றுக்குப் பதில் கம்பு, ராகி, தினை என்று மாறி, அளவைக் குறைக்காமல் இருப்பது. நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் பசி தாங்கும், அது உண்மை. ஆனால் காய்ந்த தானியம் நூறு கிராமுக்கு எல்லாமே அரிசியை ஒட்டிய கலோரிதான். இரண்டு பெரிய களி உருண்டை சாப்பிட்டுவிட்டு எடை இறங்கவில்லை என்று வருத்தப்பட்டால் எப்படி?

நான்காவது, 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற சொல்லை நம்பி விலை உயர்ந்த கொள்ளு சூப் பாக்கெட் வாங்குவது. கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடாது; புரதமும் நாரும் இருப்பதால் வயிறு நிறைந்து, மற்றது குறைவாக உள்ளே போகிறது. அந்த வேலையை வீட்டுக் கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் அப்படியே செய்யும்.

*நடை.* வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை. அதாவது ஐந்து நாள், அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் இருக்கிறது, ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். நான் சிக்கண்ணா கல்லூரி மைதானத்தில் நடக்கிறேன். மாநகராட்சிப் பூங்காக்களில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் பல இடத்தில் இருக்கின்றன. கிராமம் என்றால் வாய்க்கால் மேடு போதும். சென்னிமலையின் 1,320 படிகளை முதல் வாரமே ஏறப் போகாதீர்கள். கனத்த உடம்போடு படி இறங்கும்போது முட்டிக்கு வலி வந்தால் அந்த ஆறு வாரமும் போச்சு.

நடையோடு வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவை பத்துப் பத்தாக மூன்று முறை. எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இருக்கத்தான் இது.

*கேட்கிற ஆள்.* சித்தி மகளின் எட்டு மணி மெசேஜுக்கு மாற்றாக நாங்கள் வைத்தது ஒரு நடைச் சீட்டு. ஐந்து பேர். ஆளுக்கு 300 ரூபாய் ஒருவரிடம் கொடுத்து வைத்தோம். வாரம் ஐந்து நாள் நடந்தவருக்குப் பிடித்தம் இல்லை. குறைந்தால் அந்த வாரத்துக்கு 50 ரூபாய் பிடித்தம். ஆறு வாரம் முடிந்ததும் மீதியைத் திருப்பிக் கொடுத்து, பிடித்ததில் எல்லோருக்கும் பழம். சாப்பாட்டுப் போட்டோவை இரவு ஒன்பதுக்குள் குழுவில் போட வேண்டும். முதல் சீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் பிடித்தம் வந்தது, மொத்தம் 200 ரூபாய். கணவன் மனைவி இரண்டே பேராகச் சேராதீர்கள். ஒருவர் சோம்பினால் மற்றவரும் விட்டுவிடுகிறார். வெளி ஆள் ஒருவராவது இருக்கட்டும்.

6. ஆறு வாரம் முடிந்ததும் எது குறைகிறது என்று பாருங்கள்

சனிக்கிழமை எண்கள் ஆறையும் வரிசையாகப் பாருங்கள். இரண்டு, மூன்று கிலோ இறங்கியிருந்தால் எதையும் வாங்க வேண்டாம். இதையே தொடருங்கள்.

நடக்கவே போகவில்லை என்றால் குறைவது இடமோ துணையோ. மழை, தெருநாய், இருட்டு, பெண்கள் தனியாகப் போக முடியாத நேரம், இவை உண்மையான காரணங்கள். ஜிம்முக்குப் பணம் கட்டுவது இங்கே நியாயம்.

நடந்தீர்கள், நோட்டும் எழுதினீர்கள், ஆனாலும் இறங்கவில்லை என்றால் உணவு ஆலோசகரையும் மருத்துவரையும் பாருங்கள். எடை அசையாமல் இடுப்பு இரண்டு, மூன்று செ.மீ. குறைந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை, சரியான வழியில்தான் போகிறீர்கள்.

7. குறைவதை மட்டும், குறுகிய காலத்துக்கு வாங்குங்கள்

*உணவு ஆலோசகர்.* மூன்று மாதப் பேக்கேஜ் வேண்டாம். ஒரு சந்திப்பு, ஆறு வாரம் கழித்து இன்னொன்று. எனக்கு ஒவ்வொன்றும் 500 ரூபாய். ஊட்டச்சத்துப் படிப்பு உள்ளவரா, பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பவுடர் விற்பவரே ஆலோசனையும் சொன்னால், அந்த ஆலோசனை பவுடரில்தான் முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சுகருக்கோ தைராய்டுக்கோ காட்டுகிறவர்கள், அங்குள்ள உணவு ஆலோசகரிடம் அனுப்பும்படி மருத்துவரிடமே கேட்கலாம்.

*ஜிம்.* மாதம் 1,200, வருடம் 8,000 என்று சொல்வார்கள். கேட்க லாபமாக இருக்கும். 8,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் ஆறரைக்கு மேல். ஆக ஏழு மாதம் விடாமல் போனால்தான் வருடச் சந்தா லாபம். என்னோடு சேர்ந்த நால்வரில் ஒருவர் மட்டுமே ஏழாவது மாதம் வரை வந்தார். முதல் மாதம் மாதக் கட்டணம் கட்டுங்கள். எத்தனை நாள் போனீர்கள் என்று எண்ணுங்கள். இருபது நாள் என்றால் ஒரு நாளுக்கு 60 ரூபாய்; ஐந்து நாள் என்றால் 240. அப்புறம் முடிவு செய்யுங்கள்.

*ஆப்.* இலவச வசதியே பெரும்பாலானவர்களுக்குப் போதும். 'ஏழு நாள் இலவசம்' என்று சேரும்போதே ஆட்டோபே அனுமதி வாங்கிக்கொள்வார்கள். ஆப்பை அழித்தால் பிடித்தம் நிற்காது. சந்தாவை ரத்து செய்து, யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே பட்டியலுக்குப் போய் அந்த அனுமதியையும் நீக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் ஒரு தம்பிக்கு ஐந்து மாதம் 399 போய்க்கொண்டே இருந்தது. வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

8. கட்டும் நாளில் செய்ய வேண்டியவை

"இன்னைக்கு மட்டும்தான் மேடம் இந்த ஆஃபர்" என்றால், "ஏனுங்க, வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வர்றனுங்க" என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து அந்த ஆஃபர் மறுநாளும் இருந்திருக்கிறது, சில நேரம் இன்னும் குறைந்தும் இருந்திருக்கிறது.

பேரத்தில் மாதக் கட்டணத்தைக் குறைப்பது கஷ்டம். சேர்க்கைக் கட்டணத்தை விடச் சொல்வது எளிது. இரண்டு பேர் சேர்ந்து போங்கள். காலை பத்து மணிக்கு மேல் கூட்டமில்லாத நேரத்துக்குத் தனி விலை கேளுங்கள். ஊருக்குப் போனாலோ உடம்பு சரியில்லாமல் போனாலோ நாட்களை நிறுத்தி வைத்துத் தொடரும் வசதியை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது ஆள் மாறினால் போய்விடும்.

பில் கட்டாயம் வேண்டும். ஜிம், யோகா மையங்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய 18-ஐயே போட்டால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சிறிய இடம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். வருடம் முழுக்க இந்த எண்களோடுதான் என் வேலை, அதனால் இது என் கண்ணில் முதலில் படும்.

பணத்தை நிறுவனக் கணக்குக்கு அனுப்புங்கள். ஊழியரின் சொந்த நம்பருக்கு ஜி.பே. செய்யாதீர்கள். முழுதும் ஒரே தவணையாக வேண்டாம். மாதாமாதம் என்று கேளுங்கள். 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்றால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, மையம் நாளைக்கு மூடினாலும் தவணை ஓடுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனம் என்றால், மையம் மூடினாலும் தவணை கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும்.

தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில் கொடுக்க மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை.

9. ஊசி, அறுவை சிகிச்சை, அதிசய மருந்து

மருந்தால் உடல் பருமன் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே உடல் பருமன் இருக்கிறது. கம்பத்தில் ஒட்டிய 'உடல் இளைக்க மருந்து' நோட்டீஸைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதிர்வு பெல்ட்டிலும் நீராவியிலும் குறைவது வேர்வை. இரண்டு டம்ளர் தண்ணீரில் திரும்பிவிடும்.

மௌஞ்சாரோ, வீகோவி போன்ற எடைக் குறைப்பு ஊசிகள் 2025-ல் இந்தியாவுக்கு வந்தன. இவை வேலை செய்கிற மருந்துகள்தான். ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாது; அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ளும் பொருளும் இது இல்லை. நிறுத்தினால் எடை பெருமளவு திரும்புகிறது என்பதால், மாதச் செலவை வைத்து முடிவெடுக்காதீர்கள். டோஸ் கூடக்கூட விலையும் கூடும். ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் காசில்லாமல் நிறுத்தினால் கட்டியதும் வீண்.

பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருந்தால், அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கலாம். காத்திருப்புக் காலம் எத்தனை வருடம் என்று பாலிசியில் பாருங்கள். பேக்கேஜுகளுக்கு ஒரு லட்சம் செலவழித்த பிறகு இதைக் கேட்க வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். இந்த நிலையில் உள்ளவர்கள் மற்ற எல்லாப் படிகளுக்கும் முன்னால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

10. இறங்கியதை நிறுத்தி வைப்பது

சனிக்கிழமை எடையை நிறுத்தாதீர்கள். தீபாவளிக்கும் ஊர் நோம்பிக்கும் ஒரு கிலோ ஏறும்; அடுத்த இரண்டு வாரத்தில் இறங்கிவிடும். இரண்டு கிலோவைத் தாண்டி, மூன்று சனிக்கிழமை அப்படியே நின்றால் மறுபடி மையத்துக்கு போன் போட வேண்டாம். நான்காவது படிக்குப் போய் ஏழு நாள் நோட்டை மறுபடி எழுதுங்கள், எண்ணெய்ப் பாட்டிலையும் மறுபடி எடுத்து வையுங்கள். போன தை மாதம் எனக்கு இரண்டரை கிலோ ஏறியபோது, பொங்கலுக்கு வாங்கிய ஐந்து லிட்டர் கேனிலிருந்து நேராகவே ஊற்றிக்கொண்டிருந்தேன். பாட்டில் அலமாரியில் காலியாக இருந்தது.